முதல் முழுத்தானிய ஏல்: பட்டியலைப் பாதியாக்குங்கள்

கேள்வி: ஐயா, ஓராண்டாக, முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டிலிருந்து எடுத்த எக்ஸ்ட்ராக்ட் பாகைக் கரைத்து வீட்டிலேயே பீர் தயாரித்து வருகிறேன். நான் வசிக்கும் இடத்தில் சொந்தப் பயன்பாட்டுக்கு இதற்குச் சட்ட அனுமதி உண்டு. இப்போது பாகை விட்டுவிட்டு, முழுக்கத் தானியத்திலிருந்தே, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவின் மணம் தூக்கலான ஓர் ஏல் வகை பீர் செய்ய ஆசை. அளவு 20 லிட்டர். தானியத்தைத் துணிப்பையில் கட்டி ஒரே பாத்திரத்தில் ஊறவைக்கும் முறையைப் பின்பற்றப் போகிறேன். என் பட்டியல்: பேல் மால்ட் 3 கிலோ, மியூனிக் மால்ட் 1 கிலோ, வெளிர் கிரிஸ்டல் 400 கிராம், அடர் கிரிஸ்டல் 400 கிராம், கோதுமை மால்ட் 300 கிராம், ஓட்ஸ் 300 கிராம், சாக்லேட் மால்ட் 100 கிராம். ஹாப்ஸில் மாக்னம், காஸ்கேட், சென்டெனியல், சிட்ரா, சிம்கோ, மொசைக். ஈஸ்ட் அமெரிக்க வகையா, ஆங்கிலேய வகையா என்று முடிவு செய்யவில்லை. தண்ணீரைப் பற்றி எதுவும் தெரியாது. குழாயில் வருவதையே பயன்படுத்துகிறேன். இந்தப் பட்டியல் சரிதானா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

இவ்வளவு படித்து, எடைபோட்டு ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறீர்களே, அந்த உழைப்புக்கு முதலில் என் பாராட்டு. இப்போது ஒரு பேனாவை எடுத்து அதில் பாதிக்கு மேல் அடித்துவிடுங்கள். ஏழு தானியம், ஆறு ஹாப். இவற்றில் எதுவும் கெட்ட பொருளல்ல. ஒவ்வொன்றையும் நானே தொழிலில் பயன்படுத்துகிறேன். ஆனால் முதல் முயற்சியில் இத்தனையும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தால், பீரில் ஏதோ ஒரு கரகரப்போ மந்தமான இனிப்போ தட்டும்போது அது யாருடைய வேலை என்று உங்களால் சொல்லவே முடியாது. நன்றாக வந்தாலும் அதே கதிதான்: எதனால் நன்றாக வந்தது என்பது தெரியாது, அடுத்த முறை அதைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்காது.

பாகில் பீர் செய்தபோது உங்களுக்காக வேறொருவர் பல முடிவுகளை எடுத்து வைத்திருந்தார். எந்த பார்லி, எவ்வளவு கிரிஸ்டல், எந்தச் சூட்டில் ஊறவைப்பது, எந்தத் தண்ணீர் என எல்லாம் அந்தப் பாகிலேயே அடங்கியிருந்தது. அவர் பயன்படுத்திய தண்ணீரின் உப்புகள்கூட பாகோடு சேர்ந்தேதான் உங்கள் பாத்திரத்துக்கு வந்தன. இனி அவை அத்தனையும் உங்கள் கைக்கு வருகின்றன. புதிதாக வரும் பொறுப்பே இவ்வளவு இருக்க, பொருள்களிலும் அகலக்கால் வைக்க வேண்டாம். மூன்று மால்ட், மூன்று ஹாப், ஒரு ஈஸ்ட், ஒழுங்கு செய்த தண்ணீர். இவ்வளவு போதும். மிச்சமாகும் பணத்தில் பழசாகாத, புத்தம் புதிய பொருளாக வாங்குங்கள்.

தானியத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பீரின் முதுகெலும்பு பேல் மால்ட். பார்லியை முளைக்கவிட்டு, மென்மையாக உலர்த்தியது. முளைக்கும்போது மணிக்குள் உருவான நொதிகள் இந்த மென்சூட்டில் சாகாமல் இருக்கும். 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுபவை அவைதாம். தொழிலில் இந்த ஊறவைப்பை மாஷ் என்போம். கிரிஸ்டல் மால்ட் வேறு சாதி. முளைத்த பார்லியை ஈரத்தோடே மூடிவைத்துச் சூடேற்றுவார்கள். உமிக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். பிறகு வறுக்கும்போது அது கருகிய சர்க்கரைப் பாகுபோல இறுகும். அந்த வறுப்பில் நொதிகள் அழிந்துவிடும். மாஷில் வேலை செய்ய அதற்குத் தெம்பில்லை. சுவையும் நிறமும் மட்டுமே தரும். ஆகவே பேல் மால்ட் மொத்தத்தில் 85 முதல் 90 விழுக்காடு இருக்கட்டும். உங்கள் பட்டியலில் அது 55 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை.

இனி கிரிஸ்டலைப் பற்றி, இதை அழுத்திச் சொல்கிறேன். ஐந்தரைக் கிலோ தானியத்தில் நீங்கள் 800 கிராம் கிரிஸ்டல் வைத்திருக்கிறீர்கள். கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு. ஹாப் ஏல் கெடுவதற்கு நான் கண்ட காரணங்களில் இதுவே முதலிடம் பிடிக்கும். நொதித்தல் முடிந்த பிறகும் மிஞ்சித் தங்கும் அந்த இனிப்பு, ஹாப்பின் எலுமிச்சைத்தோல் மணத்தையும் பைன் வாசனையையும் போர்வைபோல மூடிவிடும். கசப்பு கூராக இல்லாமல் கனமாகத் தெரியும். நாள் ஆக ஆக அந்த இனிப்பு உலர்திராட்சை, பழைய மிட்டாய் என்று வேறு திசையில் போகும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், பீருக்கு உடல், அதாவது வாயில் ஒரு கனம், வேண்டும் என்று நம்பி 12 விழுக்காடு கிரிஸ்டல் போட்டு ஓர் ஏல் செய்தேன். முதல் வாரம் எல்லோரும் மெச்சினார்கள். நான்காம் வாரம் அதே பாட்டிலைத் திறந்தபோது ஹாப் இருந்த இடமே தெரியவில்லை. அந்த அடியிலிருந்து ஹாப் ஏலில் 5 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை.

சாக்லேட் மால்ட் 100 கிராம்தானே என்று நினைத்திருப்பீர்கள். 20 லிட்டரில் அது பீரைப் பழுப்பாக்கவும், ஹாப்புக்குக் குறுக்கே ஒரு வறுத்த வாசனையை நீட்டவும் போதும். விட்டுவிடுங்கள். ஓட்ஸும் கோதுமையும் நுரைக்கும் வழுவழுப்புக்கும் உதவுபவை. மங்கலான, பழச்சாறு போன்ற ஏலுக்கு அவை வேண்டியவை. நீங்கள் கேட்பதோ தெளிவும் துடிப்புமான ஒன்று. மேலும் ஓட்ஸ் பசைபோலப் பிடிக்கும். பையைத் தூக்கும்போது சாறு இறங்காமல் நின்றுவிட்டால் முதல் நாளே கை ஓய்ந்துபோகும். பார்லியில் உள்ள புரதமும் ஹாப்பின் கசப்புப் பொருள்களும் சேர்ந்தே நல்ல நுரையைத் தந்துவிடும்.

மியூனிக் மால்ட்டை வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் 400 கிராம் மட்டும். ரொட்டியின் மேல்தோல் போன்ற ஓர் ஆழத்தை அது தரும், இனிப்பைக் குவிக்காது. வெளிர் கிரிஸ்டல் 200 கிராம்; மால்ட்டின் நிற அளவுகோலான லொவிபாண்டில் 40 உள்ளது கிடைத்தால் அதையே எடுங்கள். பேல் மால்ட் 4.4 கிலோ. மொத்தம் 5 கிலோ.

இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல பேல் மால்ட் ஒரு கிலோவை, அதிலுள்ள அத்தனை சத்தும் ஒரே லிட்டரில் இறங்குவதாக வைத்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 305 புள்ளி அடர்த்தி வரும் (தண்ணீரின் அடர்த்தி 1.000; அதற்கு மேல் ஒவ்வொரு 0.001-உம் ஒரு புள்ளி). வீட்டில் அதில் 70 விழுக்காடு கிடைத்தாலே திருப்தி. 5 கிலோ, 305, அதில் 70 விழுக்காடு: 1067. அதை 20 லிட்டரால் வகுத்தால் 53. அடர்த்தி அளக்கும் உங்கள் ஹைட்ரோமீட்டர் 1.053 காட்ட வேண்டும். ஈஸ்ட் தன் வேலையை முடித்ததும் 1.012 அருகே நிற்கும், ஆல்கஹால் 5.4 விழுக்காடு. முதல் முறை 1.046தான் காட்டினாலும் மனம் தளர வேண்டாம். பெரும்பாலும் அது தானியம் உடைந்த பக்குவத்தைச் சொல்லும் எண்.

அந்த உடைப்பைப் பற்றிப் பொருள் வாங்கும்போதே யோசிக்க வேண்டும். உங்களிடம் அரைக்கும் கருவி இல்லையென்றால் விற்பவரிடமே உடைத்து வாங்குங்கள். ஆனால் உடைத்ததைக் கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்காதீர்கள். உமி முழுதாகப் பிளந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி நொய்யாக உடைந்திருக்க வேண்டும். முழு மணிகள் கண்ணில் பட்டால் இன்னொரு முறை உடைத்துத் தரச் சொல்லுங்கள். பை முறையில் உமி வடிகட்டியாக வேலை செய்யத் தேவையில்லை என்பதால் சற்று நுண்ணியதாகவே கேட்கலாம். உடைத்த மால்ட் சீக்கிரம் ஈரம் இழுக்கும். இரண்டு மூன்று வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். புதிய மால்ட் எது என்று அறிய ஒரே வழி, நான்கு மணியை வாயில் போட்டு மெல்லுவது. மொறுமொறுவென்று உடைந்து, கடைசியில் இனிப்பு தட்டினால் நல்லது. ரப்பர்போல இழுத்தாலோ, பழைய மாவு வாசனை வந்தாலோ வாங்காதீர்கள், எவ்வளவு புகழ்பெற்ற பெயராக இருந்தாலும்.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. மாரிஸ் ஓட்டர் என்ற ஆங்கிலேய பார்லி வகையை எல்லோரும் புகழக் கேட்டிருப்பீர்கள். 1960களில் உருவான பழைய வகை, பிஸ்கட் போன்ற மென்மையான சுவை அதற்கு உண்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் மியூனிக் சேர்க்கும் இந்தக் கலவையில் சாதாரண இருவரிசை பார்லியின் பேல் மால்ட் போதும். மாரிஸ் ஓட்டர்தான் வேண்டும் என்றால் மியூனிக்கை எடுத்துவிட்டு அந்த 400 கிராமையும் அதிலேயே கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது ஹாப். நீங்கள் இந்தப் பீரைச் செய்ய நினைத்ததே இதற்காகத்தான். ஆகவே இங்கே சற்று நின்று பேசுகிறேன். ஹாப் பூவுக்குள் மஞ்சள் நிறப் பொடியாக இருப்பது லுப்புலின். அதில் நமக்கு வேண்டியவை இரண்டு: ஆல்பா அமிலம், நறுமண எண்ணெய். ஆல்பா அமிலம் அப்படியே நாக்கில் பெரிதாகக் கசக்காது; கொதிக்கும்போது உருமாறிக் கரைந்த பிறகே கசப்பாகும். அதற்கு நேரம் வேண்டும், ஒரு மணி நேரம் கொதித்தால் நன்றாக இறங்கும். எண்ணெய்க்கோ நேரம்தான் எதிரி. கொதி நீராவியோடு பறந்துவிடும். ஆகவே, கசப்புக்கான ஹாப் முதலில், மணத்துக்கான ஹாப் கடைசியில். மணத்துக்குப் பேர்போன விலையுயர்ந்த ஹாப்பை 60 நிமிடம் கொதிக்கவிடுவது கண் முன்னே பணத்தை ஆவியாக்குவதுதான்.

கசப்புக்கு நீங்கள் எழுதியிருக்கும் மாக்னம் மிகச் சரியான தேர்வு. ஆல்பா அமிலம் அதிகம், சுத்தமான கசப்பு, மணத்தில் மற்றவர் வழியில் குறுக்கிடாது. மணத்துக்குக் காஸ்கேட்டையும் சென்டெனியலையும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றையும் அடித்துவிடுங்கள்.

சிட்ராவையும் மொசைக்கையும் ஏன் ஒதுக்கச் சொல்கிறேன் என்று வருத்தப்படுவீர்கள். அவை இரண்டும் உரத்த குரல் உள்ளவை. மாம்பழம், கொய்யா, நீலப்பெர்ரி என்று வாய் நிறைய மணக்கும். பக்கத்தில் நிற்பதன் குரல் கேட்காது. உங்கள் மால்ட் சரியாக இருக்கிறதா, தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று கேட்டறிய வேண்டிய இந்த முதல் பீரில் அந்தச் சத்தம் வேண்டாம். காஸ்கேட்டின் குரல் இதமானது. பம்ப்ளிமாஸ் தோல், சிறிது பூவாசம், ஓரத்தில் ஒரு காரம். அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுத் திட்டத்தில், ஓரிகனில் உருவாகி 1972இல் வெளிவந்தது. அதுவரை ஐரோப்பிய ஹாப்புகளின் மண்வாசனையையே உயர்ந்ததாக நினைத்திருந்த தொழிலில் இந்தப் பழமணம் அப்போது புதிது. 1975இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை லிபர்ட்டி ஏலில் காஸ்கேட்டைப் பயன்படுத்தியது; 1980இல் பீர் காய்ச்சத் தொடங்கிய சியரா நெவாடா ஆலை அதைக் கொண்டே தன் பேல் ஏலை நிலைநிறுத்தியது. இன்று நாம் ஹாப் ஏல் என்று சொன்னதும் மூக்கில் வரும் அந்த மணத்துக்கு இந்த ஒரு ஹாப்பே பெரும் காரணம். 1990இல் வெளிவந்த சென்டெனியல் அதே குடும்பப் பாங்கு. எலுமிச்சை கூடுதல், ஆல்பா அமிலமும் கிட்டத்தட்ட இரு மடங்கு. இரண்டும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கும்.

அளவுகளைச் சொல்கிறேன். ஊறிய தானியப் பையை எடுத்துவிட்டு, சாறு கொதிக்கத் தொடங்கியதும் மாக்னம் 15 கிராம், 60 நிமிடம். முடிய 10 நிமிடம் இருக்கும்போது காஸ்கேட் 30 கிராம், சென்டெனியல் 20 கிராம். அடுப்பை அணைத்து, 80 டிகிரிக்கு ஆறவிட்டு, மறுபடியும் அதே 30, அதே 20. இருபது நிமிடம் மூடிவைத்துவிட்டு முழுதும் குளிரவிடுங்கள். 80 டிகிரியில் கசப்பாக மாறும் வேகம் மிகவும் குறைந்துவிடும், எண்ணெயும் அவ்வளவாகப் பறக்காது. மணம் பிடிக்க இதைவிட நல்ல தருணம் கொதியில் இல்லை. நொதித்தல் முடியும் தறுவாயில் காஸ்கேட் 40 கிராம், சென்டெனியல் 20 கிராமை நேரடியாகத் தொட்டியில் போட்டு மூன்று நாள் விடுங்கள். இதுதான் டிரை ஹாப்பிங். பீருக்குக் காஸ்கேட் மொத்தம் 100 கிராம் செலவாகும்; கடைசியில் சொல்லும் ஒரு சோதனைக்கு இன்னும் 4 கிராம் எடுத்துவையுங்கள்.

மாக்னத்தின் ஆல்பா 12, காஸ்கேட் 6, சென்டெனியல் 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் கசப்பு 35 முதல் 40 ஐபியூ (பீரின் கசப்பை அளக்கும் அலகு) வரை வரும். அடர்த்தி 53 புள்ளிக்கு அது நல்ல பொருத்தம். ஆனால் ஹாப் ஒரு பயிர். ஆண்டுக்கு ஆண்டு, வயலுக்கு வயல் எண் மாறும். உங்கள் மாக்னம் பொட்டலத்தில் 14 என்று அச்சிட்டிருந்தால் 15ஐ 12ஆல் பெருக்கி 14ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 13 கிராம் போதும். மண ஹாப்புகளுக்கு இந்தத் திருத்தம் வேண்டியதில்லை. அவற்றின் எடையை மாற்றினால் மணம் மாறிவிடும்.

டிரை ஹாப்பிங்கில் 60 கிராம் குறைவாகத் தெரிகிறதே என்று கை துறுதுறுக்கும். இப்போது லிட்டருக்கு 3 கிராம் ஆகிறது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காஸ்கேட்டை வைத்தே செய்து 2018இல் வெளியான ஆய்வு, லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டிய பிறகு மணம் அதற்கு ஈடாகக் கூடுவதில்லை என்றது. போடப்போட பழமணம் பின்வாங்கி, இலைச்சாறு, தேயிலைத் துவர்ப்பு போன்றவை முன்னே வரும். ஹாப்புக்கும் நிறைவு என்று ஓர் அளவு உண்டு.

இவையெல்லாம் நல்ல ஹாப் கையில் இருந்தால் மட்டும். பொட்டலத்தில் மூன்றைப் பாருங்கள்: அறுவடை ஆண்டு, ஆல்பா விழுக்காடு, காற்றுப் புகாத உலோகப்பூச்சு உறை. அறுவடை ஆண்டு இல்லாத பொட்டலத்தை நான் வாங்குவதில்லை. கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் பையில் அறைச்சூட்டில் வைத்து விற்பதைத் தொடவே வேண்டாம். ஒருமுறை அவசரத்துக்கு அப்படி வாங்கிய பையைப் பிரித்தபோது பழைய பாலாடைக்கட்டி வாசனை அடித்தது. ஹாப்பின் அமிலங்கள் காற்றில் சிதைந்தால் வருவது அது. முழுப் பொட்டலத்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. வாங்கியதும் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். பச்சையாக, பளிச்சென்று, மூக்கைத் துளைக்க வேண்டும். பூவாக இல்லாமல், பொடித்து அழுத்திய சிறு குளிகையான பெல்லட்டாக வாங்குங்கள். இடம் அடைக்காது, காற்றுப் படும் பரப்பும் குறைவு. பயன்படுத்தும் நாள் வரை உறைபெட்டியில் இருக்கட்டும்.

ஈஸ்டுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. அமெரிக்க வகை. யூஎஸ்-05 போன்ற உலர் ஈஸ்ட், 11.5 கிராம் பொட்டலம் ஒன்று இந்த 20 லிட்டருக்குப் போதும். அது தன் சுவையை முன்னிறுத்தாமல் ஒதுங்கி நிற்கும்; ஹாப் பேசும். ஆங்கிலேய வகைகள் பலவும் பழவாசனையும் சற்று இனிப்பும் விட்டுவைக்கும். அவற்றில் அருமையான ஏல்கள் உண்டு, உங்கள் இரண்டாவது மூன்றாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஈஸ்ட் என்பதைவிட எந்தச் சூட்டில் என்பது பெரிய கேள்வி: 18 முதல் 20 டிகிரி. நொதித்தல் தன் சூட்டைத் தானே கிளப்பும் என்பதால், அறையை அளக்காமல் தொட்டியின் மேல் வெப்பமானியை ஒட்டிப் பாருங்கள். 24ஐத் தாண்டினால் சாராய நெடி வரத் தொடங்கும், பிறகு எந்த ஹாப்பாலும் அதை மறைக்க முடியாது.

கடைசியாகத் தண்ணீர். நீங்கள் 'எதுவும் தெரியாது' என்று ஒரே வரியில் கடந்த இந்த இடத்தில்தான் எனக்குக் கவலை. பாகில் செய்தவரை தண்ணீர் உங்களை மன்னித்துவந்தது. இனி மன்னிக்காது.

முதலில் குளோரின். குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கப் போடும் குளோரினும் குளோரமினும், மால்ட்டிலும் ஈஸ்டிலும் உருவாகும் ஃபீனால் பொருள்களோடு சேர்ந்தால் கட்டுத்துணி, கிருமிநாசினி போன்ற மருந்து வாசனை வரும். துளியளவே இருந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். குளோரின் கொதிக்கவைத்தால் போய்விடும். குளோரமின் அவ்வளவு எளிதில் போகாது. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் மாத்திரை, கேம்டன் மாத்திரை என்று விற்பார்கள். அரை மாத்திரையைப் பொடித்து, பயன்படுத்தப்போகும் 28 லிட்டர் முழுவதிலும் தானியம் போடுவதற்கு முன் கலக்குங்கள். சில நிமிடங்களில் இரண்டும் செயலிழக்கும். இந்த முழுப் பட்டியலிலும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய திருத்தத்தைத் தரும் பொருள் வேறில்லை. (20 லிட்டர் பீருக்கு 28 லிட்டர் எதற்கு என்றால், தானியம் மூன்றரை லிட்டர் போலக் குடித்துக்கொள்ளும், கொதியில் மூன்று நான்கு லிட்டர் ஆவியாகும், அடியில் கசடோடு கொஞ்சம் தங்கும்.)

அடுத்து பைகார்பனேட். உங்கள் நீர் வழங்குவோரின் ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், அல்லது ஒரு மாதிரியைச் சோதனைக்குக் கொடுங்கள். கால்சியம், சல்பேட், குளோரைடு, சோடியம், பைகார்பனேட் என்ற ஐந்து எண்கள் போதும். பைகார்பனேட் லிட்டருக்கு 100 மில்லிகிராமை நன்றாகத் தாண்டினால் வெளிர்நிற மால்ட்டால் அதைச் சமாளிக்க முடியாது; மாஷின் பிஎச் உயரும், உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும், கசப்பு கரகரப்பாகும். அப்படியிருந்தால் ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். மாஷின் பிஎச் 5.2க்கும் 5.5க்கும் இடையே நிற்பது நோக்கம். அளக்கும் கருவி இல்லையென்றால் முதல் முறைக்கு இதில் மூழ்க வேண்டாம்.

எல்லாத் தண்ணீரும் ஆர்ஓ என்றால், அல்லது உங்கள் குழாய்த் தண்ணீரே மென்னீர் என்றால், எதிர்ப்பக்கத்துச் சிக்கல்: உப்பே இருக்காது, பீர் தட்டையாகத் தெரியும். 28 லிட்டரில் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) 5 கிராம், கால்சியம் குளோரைடு 2 கிராம் சேருங்கள். இரண்டும் உணவுத்தரமாக இருக்கட்டும். லிட்டருக்குக் கால்சியம் 60, சல்பேட் 100, குளோரைடு 35 மில்லிகிராம் அளவில் வந்து நிற்கும். சல்பேட் கசப்பை உலர்வாகவும் கூராகவும் காட்டும். குளோரைடு மால்ட்டை உருண்டையாகக் காட்டும். இங்கிலாந்தின் பர்ட்டன் அப்பான் டிரென்ட் ஊர் ஹாப் தூக்கலான பேல் ஏலுக்கு 19ஆம் நூற்றாண்டில் பெயர்பெற்றதற்கு அதன் ஜிப்சம் நிறைந்த நிலத்தடி நீர் ஒரு முக்கியக் காரணம். மற்ற ஊர்க்காரர்கள் தண்ணீரில் ஜிப்சம் கலந்து அதைப் பின்பற்றினார்கள். ஆனால் பர்ட்டனின் அளவை எட்டிப்பிடிக்க முயல வேண்டாம். சல்பேட் மிதமிஞ்சினால் தாதுநீர் குடிப்பதுபோல இருக்கும்.

மாஷ் 66 டிகிரியில் ஒரு மணி நேரம். அதை 69க்கு விட்டால் உடலும் இனிப்பும் கூடும், 64க்கு இறக்கினால் பீர் ஒல்லியாகும். இடையே நில்லுங்கள்.

பாட்டிலில் அடைப்பதற்கான சர்க்கரையையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: சாதாரண வெள்ளைச் சர்க்கரை 120 கிராம், லிட்டருக்கு 6 கிராம். சிறிது நீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, சலசலப்பில்லாமல் கலக்குங்கள். இதில் ஓர் எச்சரிக்கை. ஹாப்பிலும் சிறிதளவு நொதிகள் உண்டு. டிரை ஹாப் போட்டதும் அவை மிச்சமிருந்த மாவுச்சத்துத் துண்டுகளை வெட்டிச் சர்க்கரையாக்கும், ஓய்ந்திருந்த ஈஸ்ட் மறுபடி எழும். அது நடந்துகொண்டிருக்கும்போதே அடைத்தால் பாட்டில் வெடிக்கும் அபாயம் உண்டு. ஹாப் போட்ட பிறகு மூன்று நாள் தொடர்ந்து ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டிய பின்பே அடையுங்கள். அடைக்கும்போது பீர் காற்றோடு தெறிக்காமல், குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு நிரப்புங்கள். ஆக்சிஜன் பட்ட ஹாப் ஏல் சில வாரத்திலேயே மங்கி, மணமும் நிறமும் மாறிவிடும்.

பொட்டலங்களின் உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள். அறுவடை ஆண்டும் ஆல்பா எண்ணும் உள்ள பகுதியை வெட்டி, அன்றைய அடர்த்தி எண்களோடு ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். அடைத்து இரண்டு வாரம் அறைச்சூட்டில் வைத்து, பிறகு குளிரவைத்து ஒன்றைத் திறங்கள். கூடவே 4 கிராம் காஸ்கேட்டைத் தனியாகக் கோப்பையில் வெந்நீரில் ஊறவைத்து முகர்ந்து பாருங்கள். எது ஹாப்பின் மணம், எது மால்ட்டின் மணம் என்று அப்போது பிரித்தறிய முடியும். என்ன தட்டியது என்று எனக்கு எழுதுங்கள். சிட்ராவை எங்கே, எவ்வளவு நுழைப்பது என்று அடுத்த கடிதத்தில் பேசுவோம்.